லான் சாரின் முறை

லான் என்பது ஓர் ஆளின் பெயர் என்றுதான் தும்பைச்சேரி மேட்டுத்தெரு பத்தொன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது, அதுவும் லேசுப்பட்ட ஆள் இல்லை, கொரியாக்காரர், தெருவுக்கு எதிரே மதில் வைத்துக் கட்டிய எவர்கிரீன் வில்லாவின் நட்டநடுவில் அரை ஏக்கரை வளைத்துப்போட்டு மல்லாந்து படுத்திருக்கிறவர், ஒரு நாளைக்கு நாலு லாரி தண்ணீர் குடிக்கிறவர். இந்த நம்பிக்கைக்கு அஞ்சலாட்சிதான் காரணம், ஆனால் அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், "இன்னாடி வேலை?" என்று தெருவில் கேட்டார்கள், "கொரியன் லானுக்குத் தண்ணி ஊத்தறது" என்று மேஸ்திரி சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாள். சுற்றுவட்டாரத்தில் கார் கம்பெனிகள் முளைத்து, கொரியாக்காரர்கள் மளிகைக்கடையில் நின்று வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த காலம் அது, ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "காலைல ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி நனைக்கணும், வாரத்துக்கு ஒரு தபா முடி வெட்டற மாதிரி வெட்டணும்" என்று அவள் மேலும் விளக்கியதும், ஆள் படுத்த படுக்கை போலிருக்கிறது, பாவம், என்று தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

"அய்யோ, அது புல்லுடி!" என்று அவள் பலமுறை தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை, அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மாடு மேயாத புல்லுக்கு, பூக்காத புல்லுக்கு, காய்க்காத புல்லுக்கு, புத்தி உள்ளவன் எவனாவது ஒரு நாளைக்கு நாலு லாரி தண்ணீர் ஊற்றுவானா என்று தெருவுக்கே அக்காவான தவமணி கேட்டாள். பெரிய மனுஷர் வீட்டு ரகசியத்தை மூடி மறைக்கிறாள், விசுவாசமான வேலைக்காரி, என்று அதிலும் அவளுக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

தெருவின் தண்ணீர் சமாச்சாரம் வேறு மாதிரி. மூன்று நாளைக்கு ஒருமுறை பஞ்சாயத்து லாரி வரும், வீட்டுக்கு நாலு குடம், அந்த நாலில்தான் குடிப்பது, சமைப்பது, குளிப்பது, துவைப்பது, மிஞ்சினால் வாசல் தெளிப்பது எல்லாம். லாரி எந்த நேரம் வரும் என்று லாரிக்கே தெரியாது என்பதால், வரிசையில் ஆளுக்குப் பதிலாகச் செங்கல் நிற்கும், செங்கல்லின் நெற்றியில் சாக்பீஸால் பெயர் எழுதியிருக்கும், எழுதுகிறவள் தவமணி. தவமணி எழுதி வைத்த செங்கல்லை ஒரு சாண் நகர்த்தும் துணிச்சல் அந்தத் தெருவில் நாய்க்குக்கூடக் கிடையாது. பகலெல்லாம் கையில் பைப்பைப் பிடித்து ஊற்றோ ஊற்றென்று ஊற்றிவிட்டு, சாயங்காலம் தன் செங்கல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும் அஞ்சலாட்சியின் புடவைக் கரையில் வில்லாவின் ஈரம் காய்ந்திருக்காது. அந்த ஈரத்தைப் பார்த்துத் தெரு லானைத் திட்டும், அவன் வயிறு வெடிக்க, அவன் தொண்டையில் முள் மாட்ட, என்று தினமும் திட்டும்.

அஞ்சலாட்சிக்கு இருப்பது ஒரே மகள், இலக்கியா, செய்யாறு பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய மாதமும் வந்துவிட்டது, சம்பந்தியம்மாதான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கோவிச்சிக்காதீங்க, மூணு நாளைக்கு நாலு கொடம் தண்ணியில புள்ளபெத்தவளக் குளிப்பாட்டுவீங்களா, துணி அலசுவீங்களா? தண்ணி வந்துச்சின்னா சொல்லுங்க, மறுநாளே கொண்டாந்து வுடறோம்" என்றாள். அவள் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் அஞ்சலாட்சிக்கு அழுகையாக வந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, அந்த வீட்டில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்காமல் தான் போய்விடுவோமோ என்று அவள் பயந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வில்லா சங்கத்தின் செகரட்டரி குலசேகரனுக்கு ஞானம் பிறந்தது. அமெரிக்காவில் பாலைவனத்துப் பக்கம் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு வந்தவர், வந்ததும் கூட்டம் போட்டு, புல்தரை என்பது பூமித்தாய்க்குச் செய்கிற துரோகம், அங்கே எல்லாரும் புல்லைப் பிடுங்கிவிட்டுக் கல்லும் கள்ளியும் வைத்துவிட்டார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், நாமும் வைக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது, பக்கோடா கொடுத்தார்கள். தட்டெடுக்கப் போன அஞ்சலாட்சி, தன் வேலை போகப்போகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டாள், அடுத்த நிமிஷமே நாலு லாரி மிச்சமாகப்போகிறது என்பதையும் புரிந்துகொண்டாள்.

"சார், அப்போ அந்த நாலு லாரி தண்ணி?" என்று அவரிடமே கேட்டாள்.

"அதான் மிச்சமாகுதே அஞ்சலாட்சி! யாருக்காக இதெல்லாம் பண்றோம்? உங்களை மாதிரி ஜனங்களுக்காகத்தானே?" என்றார் குலசேகரன், அப்போது அவருக்கே கண் கலங்கியது. அவள் மதில் ஓரமாக நின்றே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, தண்ணி வருது, அடுத்த வாரம் வருது, செகரட்டரியே சொல்ட்டாரு, என்று சொல்லிவிட்டாள்.

கள்ளிகள் வந்து இறங்கின. கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம் தொட்டியில் உட்கார்ந்து, வாயில் நுழையாத பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஏசி வண்டியில் வந்தன. அஞ்சலாட்சிக்கு அவை புது முகங்கள் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் இந்த இடத்தில் காடாக மண்டிக் கிடந்தவை அவைதான், வில்லா கட்டுவதற்காகக் கடப்பாரை போட்டு அவற்றை வேரோடு கெல்லி எறிந்த கூலியாட்களில் அவளும் ஒருத்தி, குதிகாலில் ஏறிய முள் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். "பார்த்து, ஜாக்கிரதை, ரொம்ப அபூர்வமான செடி" என்றார் குலசேகரன். "சரி சார்" என்றாள் அவள்.

லானைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, குப்பை வண்டிக்காகப் பின் கேட் ஓரம் போட்டார்கள். மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் அந்தக் கீற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே பாயாகித் தடித்து, ஒருமுறை உடம்பை உதறி மண்ணைக் கொட்டிவிட்டு, பின் கேட் வழியாக உருண்டு வெளியே போனது. காவலுக்கு இருந்த ஏகாம்பரம் ஒழுங்கான மனிதர், வருகிறவர் போகிறவர் யாராக இருந்தாலும் நோட்டில் எழுதாமல் விடமாட்டார். பெயர் லான், வெளியே போன நேரம் ஆறு பத்து, காரணம் சொந்த வேலை, என்று எழுதி, கையெழுத்துக் கட்டத்தில் ஒரு புல்லை ஒட்டிக்கொண்டார்.

உருண்ட லான் தார்ச்சாலையைக் கடந்து, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தது என்று டீக்கடைக்காரர் பிறகு சாட்சி சொன்னார், மேட்டுத்தெருவுக்குள் நுழைந்து, செங்கற்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, அஞ்சலாட்சியின் செங்கல்லுக்குப் பின்னால் போய் நிமிர்ந்து நின்றுவிட்டது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. வரிசையில் புதிதாக ஒருவர் வந்து நின்றால் மேட்டுத்தெருவில் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான், தவமணி அதைக் கேட்டாள்.

"யார் வூடு நீங்க?"

அப்போதுதான் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்த அஞ்சலாட்சியைப் பார்த்ததும் அந்தப் பாய் நுனி சிலிர்த்தது. "அய்யே, இது அந்த லானு" என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"இவரா?" என்றாள் தவமணி. தெருவே, "இவரா?" என்றது. பத்தொன்பது வருஷமாகத் திட்டித் தீர்த்த அந்தக் கொழுத்த கொரியாக்காரர் ஓரமெல்லாம் பழுத்து, வேர் தொங்க, மேலெல்லாம் புழுதியாக, நாக்கு வறண்டு, தண்ணீர் வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்ததும் தெருவுக்கு மனசு கேட்கவில்லை. எப்படி இருந்த மனுஷர், இத்தனை வருஷம் இருந்தவரைத் துரத்திவிட்டுக் கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே, இவர்களெல்லாம் நல்லா இருப்பார்களா என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் பார்க்க வந்த ஏகாம்பரம், முன்பு ஒரு கம்பெனி வாசலில் காவல் இருந்தபோது கற்றுக்கொண்ட ஒரே கொரியா வணக்கத்தைச் சொன்னார், லானின் நுனி லேசாகக் குனிந்தது, குனிந்து கும்பிடுவது அவங்க நாட்டுப் பழக்கம் என்று ஏகாம்பரம் விளக்கினார். அதற்கப்புறம் அது புல் என்று சொல்ல அஞ்சலாட்சிக்கு வாயே வரவில்லை.

தவமணி ஒரு செங்கல்லை எடுத்து "லான் சார்" என்று எழுதினாள். "வந்தவரு யாரத் தேடி வந்தாரு? அஞ்சலாட்சியத்தான். அவ செங்கல்லுக்குப் பின்னாடியே இவரு செங்கல்லு. தனிக் கொடம் கெடையாது, அவ நாலுலேர்ந்து ஒண்ணு இவருக்கு."

"எனக்கே பத்தலக்கா! எம் பொண்ணு வரப்போறா!" என்று அஞ்சலாட்சி பதறினாள்.

"சோறு போட்ட வூட்டு மனுஷன்டி அவரு. ஒரு கொடம் ஊத்த மாட்டியா?" என்றாள் தவமணி. சாக்பீஸ் எழுதினால் எழுதினதுதான்.

இப்படியாக லான் மேட்டுத்தெருவில் குடியேறியது. பகலில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரிந்து படுத்துக்கொள்ளும், லாரிச் சத்தம் கேட்டால் சுருட்டிக்கொண்டு தன் செங்கல்லுக்குப் பின்னால் போய் நிற்கும், ஒருநாளும் முந்தியதில்லை. அரிசி களைந்த தண்ணீரைச் சிலர் ஊற்றினார்கள், குடித்தது. திட்டினதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சிலர் வந்து கேட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சலூன்காரர் கத்தரியோடு வந்து காதோரம் மட்டும் ஒதுக்கிவிட்டுப் போனார். கால் சுடாமல் நடந்து பழகாத அந்தத் தெருவில் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காரணமில்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் ஓரமாகவே நடந்தாள்.

மிச்சமான நாலு லாரி வரவில்லை. எதிர்த்தாற்போல் கார் கம்பெனி லாரிகள் கிளப்புகிற புழுதி, வில்லாவின் வெள்ளைக் கூழாங்கற்கள்மேல் படிந்து அவற்றைச் சாம்பல் நிறமாக்கியது, சங்கத்தில் புகார் கிளம்பியது, தினமும் கல்லைக் கழுவுவதென்று தீர்மானம் நிறைவேறியது, பக்கோடா கொடுத்தார்கள். அரை ஏக்கர் கல்லைக் கழுவ எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று பார்த்தால் சரியாக நாலு லாரி. ஆக அஞ்சலாட்சியின் வேலையும் போகவில்லை, அதே பைப், அதே காலை மாலை. "சார், தண்ணி எங்களுக்குன்னீங்களே?" என்று அவள் கேட்டதற்கு, "இது பராமரிப்புத் தண்ணி, அது வேற கணக்கு" என்றார் குலசேகரன். தண்ணீரைச் சேமித்ததற்காக எங்கிருந்தோ ஒரு கேடயமும் வந்தது, அதையும் அவள்தான் துடைத்து வைத்தாள்.

இதற்கிடையில் பஞ்சாயத்து கிளார்க் ஒருவர் மேட்டுத்தெருவைப் பார்வையிட வந்தார். தெரு முழுக்கப் பச்சைப் பசேலென்று புல் விரிந்திருப்பதைப் பார்த்து அவர் வண்டியைவிட்டு இறங்கக்கூட இல்லை. புல்தரை வளர்க்கும் அளவுக்குத் தண்ணீர் வசதி உள்ள தெரு, லாரி தேவையில்லை, என்று எழுதிக்கொண்டு போய்விட்டார், மூன்றாம் நாள் லாரி வரவில்லை, ஆறாம் நாளும் வரவில்லை. "அது புல்லு இல்லீங்க, விருந்தாளி" என்று தெருவே திரண்டுபோய்ச் சொன்னதை அவர் மனுவாக எழுதித் தரச் சொன்னார். செய்தி செய்யாறுவரை போயிற்று, சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. "வந்துகினு இருந்ததும் நின்னுபோச்சாமே. பரவால்ல வுடுங்க, புள்ள இங்கயே பெத்துக்கட்டும்" என்றாள், பின்னால் இலக்கியா அழுவது கேட்டது.

செங்கற்கள் வரிசையாகச் சும்மா நின்றன. தவமணி அஞ்சலாட்சியின் வீட்டு வாசலுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "உன் விருந்தாளிடி. நாங்க எப்டி வாய் வுட்டுச் சொல்றது? நீயே சொல்லிடு" என்றாள்.

உச்சிவெயிலில் அஞ்சலாட்சி போய் லானின் தலைமாட்டில் நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அதனோடு பேசுவது அதுதான் முதல் தடவை. "ஏன் என் பின்னால வந்தே? உனக்கு ஊத்தி ஊத்தி என் கை மரத்துப்போச்சி. எம் பொண்ணு சின்னவளா இருக்கச்சொல்ல தாகம்னு அழுவா, நான் உனக்கு ஊத்திகினு இருந்தேன். அவ பெரியவளானா, உனக்கு ஊத்திகினு இருந்தேன். அவ அப்பன் சாவக்கெடந்தாரு, அன்னைக்கும் உனக்கு ஊத்திட்டுத்தான் ஓடியாந்தேன். இன்னும் இன்னா வேணும் உனக்கு? எழுந்திரு!" என்று கத்தினாள், கத்தும்போதே அழுதாள். லான் மறுபேச்சில்லாமல் சுருண்டுகொண்டது. வில்லா கேட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது என்று அவள் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினாள், அசையவில்லை, தவமணி ஓடிவந்து மறுநுனியைப் பிடித்தாள். ஒருத்தி இப்படித் திரும்ப, இன்னொருத்தி அப்படித் திரும்ப, நனைந்த ஜமக்காளத்தைப் பிழிகிற மாதிரி லான் நடுவில் ஒருமுறை முறுக்கிக்கொண்டது. சொட்டியது.

தவமணி கீழே பார்த்தாள். அஞ்சலாட்சி உள்ளங்கையைக் காட்டி, ஏந்தி, வாயில் வைத்துப் பார்த்தாள். ரப்பர் வாடை, பச்சை பைப்பின் வாடை. தன் கையால் ஊற்றிய தண்ணீர் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"கொடத்த எடுத்தாங்கடி!" என்று தவமணி போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவந்தது. முறுக்க முறுக்கத் தண்ணீர் வந்தது, வாய்க்கால் போல வந்தது, ஆனால் ஒருத்தியும் முண்டியடிக்கவில்லை, செங்கல் வரிசைப்படி நாலு நாலு குடம் நிரம்பியது, இரண்டு பேர் மாற்றி இரண்டு பேராகப் பிழிந்தார்கள். லான் வலிக்கிறது என்று காட்டிக்கொள்ளவே இல்லை. அன்று மாலை அஞ்சலாட்சி போனை எடுத்துத் தண்ணீர் வந்துவிட்டது என்றாள்.

"இப்படித்தான் அன்னைக்கும் சொன்னீங்க. எத்தினி நாளைக்கு வரும்?" என்றாள் சம்பந்தியம்மா.

"நான் ஊத்துன வரைக்கும் வரும். பத்தொம்போது வருஷம் ஊத்தியிருக்கேன்" என்றாள் அஞ்சலாட்சி.

இலக்கியா வந்தாள். ஆனி வெயிலில் வில்லாவுக்குத் தண்ணீர் அடிக்கும் லாரிக்காரரின் கிணறு அடிமண்ணைக் காட்டிவிட்டது, கல் கழுவவில்லை, பிறகு கார் கழுவவில்லை, பிறகு பாத்திரமே கழுவவில்லை. கள்ளிகள் மட்டும் அங்கே செழிப்பாக இருந்தன. ஒரு நாள் காலை, மேட்டுத்தெருவில் பிழிகிற நேரத்தில், குலசேகரன் இருபது லிட்டர் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, லானில் உள்ள தண்ணீர் சட்டப்படி சங்கத்தின் சொத்து என்றார். ஏகாம்பரம் நோட்டைப் பிரித்துக் காட்டினார், சொந்த வேலையாகப் போனவர் எதைக் கொண்டுபோனாலும் சங்கம் கேட்க முடியாது என்று தெரு சொன்னது. பிறகு தவமணிக்கே பாவமாகப் போய்விட்டது. ஒரு செங்கல்லில் "செகட்ரி" என்று எழுதி, வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னாள். கடைசி என்றால் லான் சாருக்குப் பின்னால், ஏனென்றால் குடம் தூக்குகிறவர்களெல்லாம் முடிந்தபிறகு தன் முறை வரட்டும் என்று லான் சாரின் செங்கல் தானாகவே பின்னால் போய் நிற்கத் தொடங்கி நாளாகிவிட்டது.

குடங்கள் நிரம்பின. பிழிந்து பிழிந்து லான் அன்றைக்குக் காய்ந்த வைக்கோலாக, கோரைப்பாய் கனம்கூட இல்லாமல், தன் செங்கல்லின் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அஞ்சலாட்சி தன் நாலாவது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்தாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இலக்கியா, "யாரும்மா அது?" என்றாள்.

"லான் சாருடி. கொரியாக்காரரு. நான் வேலை செஞ்சேனே" என்றாள் அஞ்சலாட்சி.

குலசேகரனால் பொறுக்க முடியவில்லை. காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு, கேனைக் கீழே வைத்துவிட்டு, "அஞ்சலாட்சி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. மனுஷன் தாகத்தோட நிக்கிறேன். யாராவது புல்லுக்குத் தண்ணி ஊத்துவாங்களா?" என்றார்.

"வரிசைன்னா வரிசை சார், உங்களுது அடுத்தது" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி குனிந்தாள்.

"லான் சார், உங்க முறை" என்று சொல்லி, குடம் காலியாகிறவரை ஊற்றினாள்.